ஐந்து பிசிக்களும் வீண்

மே 11, ஞாயிறு

விடைத்தாள் திருத்தி முடித்து நான்கு நாள்தான் ஆகிறது. விடுமுறைக்கு ஒரு திட்டம் வைத்திருந்தேன்: தூங்குவது, அலமாரியை ஒழிப்பது, மறுபடி தூங்குவது. இன்று காலை பத்து மணிக்கு அது போய்விட்டது.

ரத்தினபாண்டியன் அண்ணாச்சி வீட்டுக்கு வந்தார். இரும்புக்கடைக்காரர். எங்கள் கோவில்பட்டியில் வருடா வருடம் நடக்கும் தங்கையா நினைவுக் கோப்பை ஹாக்கிப் போட்டிக்கு அவர்தான் செயலாளர். போட்டி நடக்கும் நாட்களில் 'மட்டைச் செய்தி' என்று நான்கு பக்கத் தாள் ஒன்றை அச்சடித்து மைதானத்தில் கொடுப்பார்கள். போன வருடம் அதில் முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை 'கோல்' என்பதெல்லாம் 'கோள்' என்று வந்துவிட்டதாம். சிறப்பு விருந்தினர் மேடையில் அதை வாசித்துவிட்டு, சேலம் அணி மூன்று கிரகங்களை வீழ்த்தியதற்குப் பாராட்டுத் தெரிவித்தாராம். அதனால் இந்த வருடம் பிழை பார்க்க ஒரு தமிழ் டீச்சர் வேண்டும் என்றார்.

முடியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அம்மா, "வருவா" என்று சொல்லிவிட்டாள்.

அம்மா தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். இருபத்திரண்டு வருடமாக இந்தப் போட்டியில் ஒரு ஆட்டம் விட்டதில்லை. மைதானத்துக் காலரியில் மூன்றாம் படியில் கறுப்புக் குடையோடு உட்கார்ந்திருப்பாள். நான் முப்பத்து நான்கு வருடம் இதே ஊரில் இருந்தும் மட்டையின் எந்தப் பக்கத்தால் பந்தை அடிப்பார்கள் என்று தெரியாதவள். இதை அண்ணாச்சியிடம் சொல்லிப் பார்த்தேன். எழுத்துப்பிழை தெரிந்தால் போதும் என்றார்.

மே 12, திங்கள்

காலரிக்கு அடியில் ஒரு சின்ன அறை. மேலே ஆட்கள் குதிக்கும்போதெல்லாம் மேசையில் சுண்ணாம்பு உதிர்கிறது. அந்தோணி அண்ணன் கம்ப்யூட்டரில் தட்டச்சு செய்து பக்கம் கட்டுவார். நான் பிழை பார்த்துக் கையெழுத்துப் போட்டால் தாள் அச்சுக்குப் போகும்.

முதல் தாளிலேயே முதல் தகராறு. அந்தோணி அண்ணன் 'திருச்சி அணிக்கு நான்கு பிசிஸ்கள் கிடைத்தன' என்று அடித்திருந்தார். பிசி என்றால் என்ன என்று கேட்டேன். அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, பெனால்டி கார்னர் என்றார். கோலுக்கு முன்னால் அரை வட்டமாக ஒரு கோடு இருக்கிறது. அதற்குள் தடுக்கிறவர்கள் தப்பு செய்தால், அடிக்கிறவர்களுக்கு ஓரத்திலிருந்து பந்தைத் தள்ளி விட்டுக் கோல் அடிக்க ஒரு வாய்ப்புக் கிடைக்கும். அதுதான் பெனால்டி கார்னர். சுருக்கிப் பிசி. சரி, அது புரிந்தது. பிசிஸ்கள் என்றால்? இங்கிலீஷில் ஒரு பன்மை, தமிழில் ஒரு பன்மை, ஒரே சொல்லுக்கு இரண்டு வால். அடித்துவிட்டு 'பிசிகள்' என்று எழுதினேன்.

அப்போது வாசலில் ஒருவர் நின்றுகொண்டு, "பிசிக்கள்னு வரணும்லா டீச்சர்" என்றார்.

தளவாய். போட்டியின் ஸ்கோரர். மதுரையில் ரயில்வேயில் கிளார்க். வருடா வருடம் லீவு போட்டுவிட்டு இதற்காக வருகிறாராம். கோல், கார்டு, பிசி எல்லாவற்றையும் எந்த நிமிஷத்தில் என்று எழுதி, அந்தத் தாளைச் சாயங்காலம் எங்களிடம் கொண்டுவந்து தர வேண்டியது அவர் வேலை. நடுவில் ஒரு க் வைப்பது அவர் வேலை இல்லை.

இகரத்தில் முடியும் சொல்லோடு கள் சேர்ந்தால் ஒற்று மிகாது, கிளி கிளிகள், புலி புலிகள், பிசி பிசிகள் என்று விளக்கினேன். எட்டாம் வகுப்புக்குச் சொல்வதுபோலத்தான் சொன்னேன். அவர் யோசித்துவிட்டு, "அப்ப எம்பிக்கள் எப்படி வந்துச்சு?" என்றார்.

பேப்பர்காரர்கள் தவறாக எழுதுகிறார்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். சிரிப்பு பரவாயில்லாத சிரிப்பு.

மே 13, செவ்வாய்

இன்று ஸ்கோரர் நீலச் சட்டை. இதை எதற்கு எழுதினேன் என்று தெரியவில்லை. பேனாவில் மை இருக்கிறதா என்று பார்த்தேன் போலிருக்கிறது.

மே 14, புதன்

காலையில் இரண்டு ஆட்டம், சாயங்காலம் இரண்டு. வெயிலில் தலை வலிக்கிறது. அம்மாவுக்கு வலிப்பதில்லை.

பிசியோடு இது முடியாது என்று இன்றுதான் தெரிந்தது. பெனால்டி ஸ்ட்ரோக்கை பிஎஸ் என்கிறார்கள். கோல்கீப்பர் ஜிகே. பிசி இல்லாமல் ஓடிப்போய் அடிக்கும் கோல் எஃப்ஜி. ஆக, ஜிகேகளா ஜிகேக்களா? எஃப்ஜிகளா எஃப்ஜிக்களா? பிஎஸ் மட்டும் மெய்யெழுத்தில் முடிவதால் சமர்த்தாக பிஎஸ்கள் என்று ஆகிவிட்டது. மற்றவற்றை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். எல்லாவற்றுக்கும் கள்தான், க் கிடையாது, சுருக்கத்துக்கும் கள்ளுக்கும் நடுவே ஒரு சின்னக் கோடு: பிசி-கள்.

மதியம் வந்து பார்த்தால், ஒவ்வொரு கோட்டின் மேலும் பென்சிலால் மெல்லிசாக ஒரு க் போட்டிருந்தது. அழகான கையெழுத்து. ரப்பரால் அழித்தேன். ஒன்றை மட்டும் அழிக்க மறந்துவிட்டேன்.

ராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாவிடம் நியாயம் கேட்டேன். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "அஞ்சு பிசி கெடச்சுது, ஒண்ணுகூடக் கோல் ஆவலன்னு சொல்லுவோம். இதுல கள் எங்க வருது?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நாலு இட்லி என்கிறோம், நாலு இட்லிகள் என்று கடையில் யாரும் கேட்பதில்லை. எண் முன்னால் வந்துவிட்டால் தமிழுக்குக் கள் தேவையே இல்லை. பத்து வருடமாகப் பாடம் நடத்துகிறேன், அம்மா ஒரு கரண்டி ரசத்தில் முடித்துவிட்டாள்.

ஆனால் எண் இல்லாத இடத்தில் என்ன செய்வது? நாளை அவரிடம் கேட்கலாம். அவரிடம் என்றால், அந்தோணி அண்ணன் உட்பட எல்லாரிடமும்.

மே 15, வியாழன்

கேவலம்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பெட்டிச் செய்தி. நான் கையெழுத்துப் போட்டபோது 'அதிக பிசி-கள் வழங்கிய நடுவருக்குப் பாராட்டு' என்று ஒரே வரியில் இருந்தது. பெட்டி சிறியது என்று அந்தோணி அண்ணன் எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கியிருக்கிறார். வரி உடைந்துவிட்டது. மேலே 'அதிக பிசி-' என்று முடிந்து, கீழே தடித்த எழுத்தில்:

கள் வழங்கிய நடுவருக்குப் பாராட்டு

காலை ஆறரை மணிக்குத் தாள் மைதானத்துக்குப் போனது. ஏழு மணிக்கு அந்த நடுவர் தாளைப் பிடித்தபடி என்னைத் தேடி வந்தார். சபரிமலைக்குப் பதினெட்டு வருடம் மாலை போட்டவராம். தமிழ்நாட்டில் கள்ளுக்குத் தடை இருப்பது டீச்சருக்குத் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். காலரியிலிருந்து இரண்டு பேர், எந்தக் கவுண்டரில் கொடுக்கிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அம்மா மூன்றாம் படியில் குடைக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்ததை நான் பார்த்தேன்.

தளவாய் சிரிக்கவில்லை. நடுவரைத் தோளில் கைபோட்டு அழைத்துக்கொண்டு போய் மோர் வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு வந்தார். வந்தபிறகு அறைக்கதவைச் சாத்திவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். வயிறு வலிக்கிற மாதிரி நான் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கவில்லை.

கோடு இனிமேல் கிடையாது.

மே 16, வெள்ளி

குளிக்கும்போது விடை கிடைத்தது. ஈரத்தலையோடு மைதானத்துக்கு ஓடினேன். ஆட்டோவில்தான், ஆனால் உள்ளே ஓடிக்கொண்டிருந்தேன்.

பிசி என்று இரண்டு எழுத்தைச் சேர்த்து எழுதுகிறோமே தவிர, வாய் அதைச் சேர்த்துச் சொல்வதில்லை. பீ, சீ என்று தனித்தனியாக நீட்டித்தான் சொல்கிறது. அப்படியானால் கள் வந்து ஒட்டுவது கிளி மாதிரி ஒரு சொல்லோடு இல்லை, கடைசியில் தனியாக நிற்கும் 'சீ' என்ற ஒற்றை நெடிலோடு. ஒற்றை நெடில் என்றால் ஈ ஈக்கள், பூ பூக்கள். ஒற்று மிகும். எம்பிக்கள் சரி. பிசிக்கள் சரி. ஜிகேக்கள் சரி.

இதை ஸ்கோரர் மேசைக்கு நேராகப் போய்ச் சொன்னேன். ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. அவர் முழுவதையும் கேட்டார். பிறகு, "ஈக்கள், பூக்கள், பிசிக்கள். நான் இப்படியெல்லாம் யோசிக்கல டீச்சர். வாய்க்கு வந்துச்சு, சொன்னேன்" என்றார். இலக்கணம் வாயிலிருந்துதானே வந்தது என்றேன். அதற்குள் மைதானத்தில் யாரோ கோல் அடித்துவிட்டார்கள். எந்த நிமிஷம் என்று அவருக்குத் தெரியவில்லை. பக்கத்தில் இருந்த மாற்று நடுவரிடம் கேட்டு எழுதினார். காது சிவந்திருந்தது.

பதினோரு வருடத்தில் அவர் ஒரு கோலைத் தவறவிட்டது இதுதான் முதல் தடவையாம். அந்தோணி அண்ணன் சொன்னார். வெயில் அப்படி.

மே 17, சனி

டீ இரண்டு முறை. பேசியதெல்லாம் பன்மை பற்றித்தான்.

மே 18, ஞாயிறு

இன்று ஆட்டம் இல்லை. ரொம்ப நீளமான நாள். அலமாரியை ஒழித்தேன். மூன்று சேலைக்குக் கஞ்சி போட்டேன். அம்மா, "நாளைக்கு எங்க கல்யாணம்?" என்றாள். காட்டன் சேலை கஞ்சி போடாவிட்டால் நிற்காது என்றேன்.

கல்யாணம் என்ற சொல்லை அம்மா நான்கு வருடம் கழித்து இந்த வீட்டில் சொல்கிறாள். கடைசியாக அது பத்திரிகை அடிக்கும் வரை போய், மாப்பிள்ளை வீட்டில் திடீரென்று வேறு இடம் பார்த்துவிட்டதால் நின்றது. அதன் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் நான் பஜ்ஜி சுட்டதோடு சரி. அம்மாவும் வற்புறுத்தவில்லை. இன்று சொல்லிவிட்டு, நாக்கைக் கடித்துக்கொண்டு, உடனே ஹாக்கிக்குத் தாவினாள். அந்த ஸ்கோரர் தம்பி நோட்டு ரொம்பச் சுத்தமாக எழுதுவானாம், இரண்டு தங்கைகளைக் கட்டிக்கொடுத்தவனாம், தனக்குப் பார்க்கவே இல்லையாம். இவ்வளவு விவரம் காலரி மூன்றாம் படிக்கு எப்படி வந்தது என்று கேட்டேன். "வெளையாட்டப் பாக்கப் போனா நாலும் கண்ணுல படத்தான் செய்யும்" என்றாள்.

மே 20, செவ்வாய்

காலிறுதி. காவலர் அணி ஒன்றுக்குப் பூஜ்யம் என்று ஜெயித்தது. ஒரே எஃப்ஜி. ஐந்து பிசி கிடைத்தும் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. ஐந்தாவதையும் வெளியே அடித்தபோது அம்மா மூன்றாம் படியிலிருந்து, "அஞ்சு பிசியும் போச்சே" என்று போட்ட சத்தம் கீழே என் அறை வரை கேட்டது.

அதுவே தலைப்பாகவும் ஆயிற்று. 'காவலர் அணிக்குக் கிடைத்த ஐந்து பிசிக்களும் வீணாயின'. சுத்தமான தமிழ்.

தளவாய் கடலை மிட்டாய் வாங்கி வந்திருந்தார். பெனால்டி கார்னர் எடுப்பதை நான் இதுவரை ஒழுங்காகப் பார்த்ததே இல்லை என்றதும், மிட்டாயைத் துண்டு துண்டாக உடைத்து மேசையில் பரப்பினார். இது தள்ளி விடுகிறவர், இது நிறுத்துகிறவர், இது அடிக்கிறவர், கோலுக்குள் இந்த ஐந்து பேர் ஓடிவரத் தயாராக நிற்பார்கள் என்று ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். நடுவில் தெரியாமல் ஜிகேயைத் தின்றுவிட்டேன். அவர் கொஞ்சமும் அசராமல், ஜிகே இல்லாவிட்டால் கோல் நிச்சயம் என்றார்.

தாளை இரண்டு முறை கவனமாகப் பார்த்துக் கையெழுத்திட்டேன். ஏழரைக்கு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மே 21, புதன்

எங்கே ஆரம்பிப்பது?

காலை ஏழேகாலுக்கு அண்ணாச்சி போன் செய்தார். 'உடனே வாங்க' என்றதோடு வைத்துவிட்டார். போனபோது அறை வாசலில் காவலர் அணியின் கோச், இன்ஸ்பெக்டர் மாடசாமி நின்றிருந்தார். ஆறடி உயரம், மிக மெல்லிய குரல். கையில் இன்றைய தாள். தலைப்பைக் காட்டினார்.

காவலர் அணியின் ஐந்து பிசிக்களும் வீண்

எனக்கு முதலில் புரியவில்லை. க் சரியாகத்தானே இருக்கிறது என்று பார்த்தேன். அவர் பொறுமையாகச் சொன்னார். அணியில் பதினெட்டுப் பேர். அதில் எஸ்.ஐ. இரண்டு பேர், ஏட்டு பதினொரு பேர், மீதி ஐந்து பேர் போலீஸ் கான்ஸ்டபிள். அதாவது பி.சி. "கரெக்டா அஞ்சு பேருங்க டீச்சர். எண்ணிப் போட்ட மாதிரி இருக்கு."

தலைப்பை மறுபடி வாசித்தேன்.

அந்த ஐவரில் இசக்கிராஜா என்பவருக்குக் கல்யாணம் ஆகி இருபது நாள்தான் ஆகிறதாம். தாளை யாரோ படம் எடுத்து அனுப்பி, அது சம்சார வீட்டு வாட்ஸப் குழுவுக்குப் போய், மாமனார் காலையில் போன் பண்ணி, என்ன மாப்பிள்ளை பேப்பரில் போடுகிற அளவுக்கா என்று கேட்டிருக்கிறார். ஐந்து பேரும் காலைச் சாப்பாடு சாப்பிடவில்லை. திருத்தம் வராவிட்டால் வெள்ளிக்கிழமை அரையிறுதிக்கு அணி இறங்காது என்று கோச் சொன்னார். சொல்லும்போதும் குரல் உயரவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

காவலர் அணி இல்லை என்றால் அரையிறுதி இல்லை. ஐம்பது ஊரிலிருந்து வந்திருக்கிற ஜனம் என்ன செய்யும்? அண்ணாச்சி என்னைப் பார்த்துக் கத்தினார். 'மட்டைச் செய்தி' இன்றோடு நிறுத்தம், டீச்சர் வீட்டுக்குப் போகலாம் என்றார். போன வருடம் கிரகத்தோடு போச்சு, இந்த வருடம் ஸ்டேஷனுக்கே போக வேண்டியதாகிவிட்டது என்றார்.

அந்தோணி அண்ணன் மெல்ல முன்னால் வந்து, தலைப்பு இரண்டு வரியில் அடங்கவில்லை என்று 'கிடைத்த'வையும் 'ஆயின'வையும் தான்தான் எடுத்ததாகவும், மாற்றிய தாளை டீச்சரிடம் காட்டிக் கையெழுத்து வாங்கியதாகவும் சொன்னார். கையெழுத்து என்னுடையதுதான். கீழே தேதி, நேரம்கூட இருந்தது. ஆறு நாற்பது.

அப்போது தளவாய் வந்தார். விஷயத்தைக் கேட்டார். பிசிக்கள் என்று க் போட்டு எழுதச் சொன்னது நான்தான், டீச்சர் முதலில் பிசிகள் என்றுதான் எழுதினார், ஆகவே தப்பு என்னுடையது, அனுப்புவதென்றால் என்னை அனுப்புங்கள் என்றார். க் எழுத்துக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, பிசிகள் என்று எழுதியிருந்தாலும் கான்ஸ்டபிள்கள்தான், கையெழுத்துப் போட்டவள் நான் என்றேன். அவர் விடவில்லை. நானும் விடவில்லை. அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, "ரெண்டு பேருமா போய் அந்தப் பயலுகள சமாதானப்படுத்திட்டு வாங்க. அதுக்குப் பெறவு யாருடைய தப்புன்னு முடிவு பண்ணிக்கிடலாம்" என்றார்.

காவலர் அணியை ஒரு பள்ளிக்கூடத்தில் தங்க வைத்திருந்தார்கள். ஜன்னல் முழுக்க ஈர ஜெர்சி காய்ந்துகொண்டிருந்தது. ஐந்து கான்ஸ்டபிள்களும் ஒரே பெஞ்சில் வரிசையாக, வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் மாதிரி உட்கார்ந்திருந்தார்கள். கரும்பலகை காலியாக இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. சாக்பீஸை எடுத்தேன்.

ஐந்து பிசிக்களும் வீணாயின, என்று எழுதினேன். அதற்குக் கீழே, ஐந்து பிசிக்களும் வீணாயினர், என்று எழுதினேன். பிசி என்பது எதைக் குறிக்கிறது என்று அந்தச் சொல்லைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, வினைமுற்றைப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றேன். 'ஆயின' என்றால் பொருள். 'ஆயினர்' என்றால் ஆள். நான் எழுதியது முதலாவது. இடம் போதவில்லை என்று வினையை வெட்டிவிட்டார்கள். வால் போனதும் பெனால்டி கார்னருக்கும் போலீஸ்காரருக்கும் வித்தியாசம் போய்விட்டது. மன்னித்துக்கொள்ளுங்கள்.

ஐந்து பேரும் பலகையைப் பார்த்தார்கள். இசக்கிராஜா கையைத் தூக்கினார். பழக்கதோஷத்தில், சொல்லுப்பா என்றேன். "டீச்சர், இத எங்க மாமனாருக்குப் போன்ல சொல்லுவீங்களா?" என்றார்.

சொன்னேன். ஏழு நிமிஷம் ஆயிற்று. மாமனார் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், நன்றாகவே புரிந்துகொண்டார். கடைசியில், எழுவாயைவிடப் பயனிலைதான் மாப்பிள்ளைக்கு முக்கியம் என்று வேறு சொன்னார். ஐந்து பேரும் பொங்கல் சாப்பிடப் போனார்கள்.

கிளம்பும்போது கோச் எங்களை வாசல் வரை கொண்டுவிட்டார். தப்பு என்னுடையது, இல்லை என்னுடையது என்று நாங்கள் அங்கேயும் ஒரு முறை சொல்லிக்கொண்டோம் போலிருக்கிறது. அவர் அதே மெல்லிய குரலில், "நீங்க ரெண்டு பேரும் புருஷன் பொண்டாட்டியா?" என்று கேட்டார்.

தளவாய் இல்லை என்று சொன்னார். சொல்ல மூன்று விநாடி ஆனது. எல்லாவற்றுக்கும் நேரம் பார்த்து எழுதுகிறவர், அந்த மூன்று விநாடி என்ன செய்துகொண்டிருந்தார் என்று தெரியவில்லை.

நான் அவரைப் பார்க்கவில்லை. ஜெர்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினெட்டும் நன்றாகக் காய்ந்துவிட்டன.

மே 22, வியாழன்

திருத்தம் முதல் பக்கத்தில் பெட்டி கட்டி வந்துவிட்டது. நான்தான் எழுதினேன். 'காவலர் அணிக்குக் கிடைத்த ஐந்து பெனால்டி கார்னரும் கோல் ஆகவில்லை. அணியில் விளையாடும் ஐந்து காவலரும் சிறந்த ஆட்டக்காரர்கள். எவ்வகையிலும் வீணானவர்கள் அல்லர்.' பார்த்ததும் கோச், அல்லர் என்பதை விரலால் தொட்டுப் பார்த்து, இதுதானே அந்த வால் என்றார்.

நேற்று எழுதாத ஒன்று இருக்கிறது. நேற்று முன்தினம் எழுதியதில் ஒரு பொய் இருக்கிறது. டைரியில் பொய் எழுதுவதற்குத் தனியாகக் கெட்டுப்போயிருக்க வேண்டும்.

தாளை இரண்டு முறை பார்க்கவில்லை. முதல் முறை பார்த்தேன். இரண்டாவது தாள் வந்தபோது மணி ஆறு நாற்பது. அப்போது மேசையில் கடலை மிட்டாய் பரப்பி வைத்திருந்தது, நடுவில் இருந்த துண்டை அவர் தள்ளினார், நான் அவர் விரலைப் பார்த்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன். தலைப்பு என்ன என்று அந்த நேரத்தில் கேட்டிருந்தால் எனக்குத் தெரிந்திருக்காது. என் பெயரை ஒழுங்காக எழுதியதே அதிசயம்.

இதை இன்று சாயங்காலம் அண்ணாச்சியிடம் சொல்லிவிட்டேன். விரலை விட்டுவிட்டு மற்றதைச் சொன்னேன். இரண்டாவது தாளை நான் வாசிக்கவில்லை, அந்தோணி அண்ணனைக் குறை சொல்ல வேண்டாம் என்றேன். அவர், நாளைய தாளை மூன்று முறை பாருங்க டீச்சர் என்றார். வேலை போகவில்லை.

திரும்பினால் தளவாய் கதவருகில் நிற்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. மிட்டாய் இனிமேல் வாங்கி வர வேண்டாமா என்று கேட்டார். வாங்கி வரலாம், பக்கம் முடிந்த பிறகு என்றேன்.

மே 23, வெள்ளி

அரையிறுதியில் காவலர் அணி 2–1. இரண்டு கோலும் பிசி. இரண்டையும் அடித்தவர் இசக்கிராஜா. நான் காலரிக்குப் போய் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். பெனால்டி கார்னர் என்றதும் என்னை அறியாமல் எழுந்து நின்றேனாம். பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிச் சத்தம் போட்டார்கள்.

மே 25, ஞாயிறு

இறுதி ஆட்டம் முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

காவலர் அணி 3–2. மூன்றும் பிசி. கடைசிக் கோல் ஐம்பத்தொன்பதாவது நிமிஷத்தில். ஊரே உள்ளே இறங்கிவிட்டது. ஐந்து கான்ஸ்டபிள்களையும் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்கள். கோச் மாடசாமி முதல் தடவையாகக் கத்திப் பேசினார், அந்தக் குரல் யாருடையது என்று எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். கடைசித் தாளின் தலைப்பை அண்ணாச்சியே கேட்டு வாங்கிக்கொண்டார்: 'பிசிக்கள் மூன்றும் கோல்களாயின, பிசிக்கள் ஐவரும் கோப்பை வென்றனர்.' வால் இரண்டும் அதனதன் இடத்தில். அந்தோணி அண்ணன் அதற்காக விளம்பரம் ஒன்றைத் தூக்கிக் கடைசிப் பக்கத்துக்கு மாற்றினார்.

பக்கம் முடித்துவிட்டு வெளியே வந்தேன். தளவாய் ஸ்கோர் நோட்டைப் பையில் வைத்துக்கொண்டிருந்தார். ஏழு மணி ரயிலுக்கு மதுரை போக வேண்டும். அம்மா குடையை ஊன்றிக்கொண்டு படி இறங்கி வந்தாள். நேராக அவரிடம் போய், இனி எப்போது இந்தப் பக்கம் என்று கேட்டாள். அடுத்த வருடம்தானா என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார்.

"நாங்க பேசிட்டுச் சொல்லுதோம்மா."

நாங்க. எதிரே நிற்பவரையும் சேர்த்துக்கொண்டால் நாம். விட்டுவிட்டால் நாங்கள். எதிரே நிற்பது அம்மா. அம்மாவை விட்டுவிட்டால் அவரோடு சேருகிற அளவுக்கு அங்கே இருந்தது நான் ஒருத்திதான். இதை நான் எட்டாம் வகுப்பில் பத்து வருடமாகச் சொல்லிக்கொடுக்கிறேன். ஒருமுறைகூடக் கால் தரையில் இல்லாத மாதிரி இருந்ததில்லை.

அம்மா முப்பது வருடம் மற்றவர்கள் கடிதங்களைப் பிரித்தனுப்பியவள். விலாசம் யாருக்கென்று அவளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "அப்ப பேசுங்க" என்றாள். வெயிலே இல்லாத நேரத்தில் குடையை விரித்துக்கொண்டு கேட் பக்கமாக நடந்தாள்.

அவர் பையைக் கீழே வைத்தார். தனக்கு முப்பத்தெட்டு என்றார். குவார்ட்டர்ஸில் தனியாக இருப்பதாகவும், சாதமும் ரசமும் ஒழுங்காக வைப்பதாகவும், வேறு எதுவும் வராது என்றும் சொன்னார். நான் என்னுடைய பத்திரிகை அடித்து நின்றுபோன கதையைச் சொன்னேன். தெரியும் என்றார். அது நின்றதில் தனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை என்றார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "டீச்சர், உங்களுக்கு இதுல" என்று ஆரம்பித்தார்.

நான் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அவர் இன்னும் கேட்கவில்லையாம். முழுசாகக் கேட்க அனுமதிக்க வேண்டுமாம். சரி, கேளுங்கள் என்றேன். கேட்டார். மறுபடி சம்மதம் என்றேன். ஏழு மணி ரயில் போய்விட்டது. ஒன்பது மணிக்கு வேறு ஒன்று இருக்கிறதாம். ரயில்வேக்காரருக்கு அது முன்பே தெரிந்திருக்கும்.

மே 26, திங்கள்

காலையில் அவரிடமிருந்து போன். வருகிற ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வருகிறார்கள் என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அவர் ஒருவர்தானே என்று, இரண்டு நாற்காலியைத் துடைத்துப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். மரியாதைக்குச் சொன்ன 'கள்' இல்லை அம்மா, நிஜமான பன்மை என்றேன். அவர், இரண்டு தங்கைகள், இரண்டு மச்சினர்கள், பிள்ளைகள் நான்கு பேர்.

அம்மா ஒரு நிமிஷம் விரல் விட்டு எண்ணினாள். பிறகு பக்கத்து வீட்டுக்கு நாற்காலி கேட்கப் போனாள்.